‘வருந்துகிறோம், இழப்பீடு தர இயலாது’: லண்டன் விமானத் தாமதத்தில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

லண்டனிலிருந்து சென்னைக்கோ கொழும்புக்கோ போகும் விமானம் ஏழெட்டு மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தால், நம் வீடுகளில் முதலில் நடப்பது புலம்பல். வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால், விமான நிறுவனத்தின் இணையதளத்தில் படிவம் நிரப்பி அனுப்பும். சில வாரம் கழித்து ‘எங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம், வருந்துகிறோம்’ என்று பதில் வரும். அத்தோடு கதை முடியும். அக்கம்பக்கத்தாருக்காக இப்படிப்பட்ட கடிதங்களுக்குப் பதில் எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பணம் கொடுக்க வேண்டியவரே எழுதிய கடிதத்தை, நீதிபதி எழுதிய தீர்ப்பைப் போலப் படித்துவிடுகிறோம்.

எவ்வளவு பணம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த 261/2004 என்ற விதி 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் பிரிட்டன் அதைத் தன் சட்டமாகவே வைத்துக்கொண்டது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், 1500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 220 பவுண்டு, 3500 வரை 350, அதற்கு மேல் 520. சென்னையும் கொழும்பும் லண்டனிலிருந்து 8000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் நமக்கு 520. தாமதம் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் என்றால் மட்டும் பாதி, 260. டிக்கெட்டை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது கணக்கில் வராது. டிக்கெட் வாங்கிப் பயணம் செய்த பிள்ளைகளுக்கும் முழுத் தொகைதான். நான்கு பேர் குடும்பத்துக்கு 2080 பவுண்டு. ‘சரி விடு, போனது போகட்டும்’ என்று விடக்கூடிய தொகையா இது?

ஆனால் எந்தப் பயணத்துக்கும் இது பொருந்தும் என்று நினைத்துக்கொண்டு எழுதுவது ஒரு தவறு. பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையது என்றாலும் சட்டத்துக்குள் வரும். பிரிட்டனுக்குத் திரும்பி வரும் விமானமோ, பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனம் இயக்கினால்தான் வரும். சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸில் வந்தால் உண்டு. கொழும்பிலிருந்து ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் வந்தால் இல்லை. அதே நிறுவனத்தில் லண்டனிலிருந்து கொழும்புக்குப் போகும்போது உண்டு. ஊருக்குப் போகும் வழிக்கும் திரும்பும் வழிக்கும் இந்த வித்தியாசம் தெரியாமல், திரும்பும் பயணத்துக்கு 520 கேட்டு எழுதி, நியாயமான மறுப்பைப் பெற்று, பிறகு போகும் பயணத்துக்கும் கேட்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டத்துக்குள் வராத திரும்பும் பயணத்துக்கு 1999 மொன்றியல் உடன்படிக்கை இருக்கிறது. அதில் நிலையான தொகை கிடையாது. தாமதத்தால் உண்மையில் செலவான பணத்தை ரசீதோடு கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும்.

அடுத்தது வளைகுடா வழியாகப் போகும் பயணம். நம்மில் பாதிப் பேர் துபாயோ தோஹாவோ அபுதாபியோ வழியாகத்தான் போகிறோம். லண்டனிலிருந்து ஒரு மணி நேரம் பிந்திக் கிளம்பி, துபாயில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, ஊருக்கு ஒன்பது மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்கிறோம். நிறுவனம் என்ன எழுதும்? ‘லண்டன் விமானத்தின் தாமதம் ஒரு மணி நேரம்தான், எனவே இழப்பீடு இல்லை.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இதே வாதத்தை எமிரேட்ஸ் 2017இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வைத்துத் தோற்றது. மான்செஸ்டரிலிருந்து துபாய் வழியாக ஆஸ்திரேலியா போன ஒரு பயணி, துபாய் வரை நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் தாமதப்பட்டார். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது பதின்மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. ஒரே பதிவில் எடுத்த டிக்கெட் என்றால், கடைசி ஊரில் எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்பதே கணக்கு என்றது நீதிமன்றம்.

லண்டன் விமானம் சரியான நேரத்துக்குப் போய், துபாயிலிருந்து கிளம்பும் இரண்டாவது விமானம் தாமதமானால்? அதற்கும் வழி இருக்கிறது. பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாக அகாதிர் போன பயணி ஒருவருக்கு, காசாபிளாங்காவில் இரண்டாவது விமானத்தில் இடம் மறுக்கப்பட்டது. முழுப் பயணமும் ஒன்றே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் சொன்னது. பிரெக்ஸிட்டுக்கு முந்தைய தீர்ப்பு என்பதால் இங்கேயும் அதைக் காட்டலாம்.

இதில் நாமே குழி தோண்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. இருபது முப்பது பவுண்டு மிச்சம் பிடிக்க, லண்டன்–தோஹா ஒரு டிக்கெட், தோஹா–திருச்சி வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்குவது. அப்போது இரண்டும் தனித்தனிப் பயணங்கள். தோஹாவில் தவறவிட்டால் அது உங்கள் பாடு.

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். ‘டெக்னிக்கல் ஃபால்ட்’ என்ற சொல்லைக் கேட்டதும் நாம் பயபக்தியோடு தலையாட்டிவிடுகிறோம். பறக்கும் இயந்திரம், உயிர் சம்பந்தப்பட்டது, பாதுகாப்புக்காகத்தானே நிறுத்தினார்கள் என்று மனம் இளகிவிடுகிறது. நிறுத்தியது சரிதான். இழப்பீடு கொடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. ‘அசாதாரண சூழ்நிலை’ இருந்து, நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தும் தவிர்க்க முடியவில்லை என்றால்தான் நிறுவனம் தப்பிக்கலாம். அதை நிரூபிக்க வேண்டியதும் நிறுவனமே. பராமரிப்பில் வெளிப்படும் கோளாறு விமானத் தொழிலோடு கூடப்பிறந்தது, அசாதாரணம் அல்ல என்று ஐரோப்பிய நீதிமன்றம் அலிடாலியா விமான நிறுவனத்தின் வழக்கில் 2008லேயே சொல்லிவிட்டது. 2014இல் ஜெட்2 நிறுவனம், ‘வயரிங் கோளாறை யாராலும் முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியாது’ என்று வாதாடிப் பார்த்தது. இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. யாருக்கும் முன்பே தெரியாது என்பதால் மட்டும் ஒன்று அசாதாரணம் ஆகிவிடாது.

விமானி நோய்வாய்ப்பட்டார் என்ற பதிலும் வரும். மிலானிலிருந்து லண்டன் சிட்டி விமான நிலையத்துக்கு வர வேண்டிய பிஏ சிட்டிஃபிளையர் விமானம் கேப்டனுக்கு உடம்பு முடியாமல் ரத்தானது. அந்த வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 ஜூலையில் பயணிகள் பக்கம் தீர்ப்பானது. ஊழியர் நோய்வாய்ப்படுவது எந்தத் தொழிலிலும் நடப்பதுதான் என்றார்கள். ஆளுக்குச் சுமார் 220 பவுண்டு விவகாரம்! அதற்காக உச்ச நீதிமன்றம் வரை போன அந்தத் தம்பதிக்கு நாமெல்லாம் கடன்பட்டிருக்கிறோம்.

எல்லா மறுப்பும் பொய் என்று சொல்ல வரவில்லை. இயந்திரத்தில் பறவை மோதினால் அது அசாதாரணம் என்று 2017 தீர்ப்பு இருக்கிறது. பனியில் விமான நிலையம் மூடினாலும், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தாலும் நிறுவனம் தப்பிக்கும். ஆனால் ‘வானிலை’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பிவிட வேண்டாம். அதே நேரத்தில் அதே நிலையத்திலிருந்து மற்ற விமானங்கள் கிளம்பினவா என்று விமானத் தடம் காட்டும் தளங்களில் பார்த்து, படம் எடுத்து வையுங்கள். இழப்பீடு இல்லாத சூழ்நிலையிலும் சாப்பாடு, தங்குமிடம் கொடுக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. நிலையத்தில் கையிலிருந்து செலவழித்தீர்களா, ரசீதை எறியாதீர்கள்.

பதில் எழுதும் விதத்திலும் கோட்டைவிடுகிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை, பிள்ளை அழுதது, கவுண்டரில் இருந்த பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை, தங்கையின் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் தவறிப்போனது... எல்லாம் உண்மைதான், மனசு ஆறாதுதான். ஆனால் இரண்டு பக்கக் கண்ணீர்க் கடிதத்துக்கு மன்னிப்பும் ஒரு வவுச்சரும் வரும். விமான எண், தேதி, பதிவு எண், பயணிகளின் பெயர்கள், கடைசி ஊரில் விமானக் கதவு திறந்த நேரம், கேட்கும் தொகை. பிறகு ஒரே கேள்வி: தாமதத்துக்கான குறிப்பான காரணம் என்ன, அதைத் தவிர்க்க என்னென்ன செய்தீர்கள்? அரைப் பக்கம் போதும். கதவு திறந்த நேரம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சக்கரம் தரையைத் தொட்டது 2 மணி 58 நிமிடத் தாமதத்தில், நிறுத்துமிடத்தில் வந்து நின்றது 3 மணி 3 நிமிடத்தில், கதவு திறந்தது அதற்குச் சற்றுப் பிறகு என்று ஒரு வழக்கே 2014இல் நடந்து, கதவுதான் கணக்கு என்று முடிந்தது. இறங்கும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்தால் நேரம் பதிவாகிவிடும்.

வவுச்சரைப் பற்றி ஒரு வரி: நீங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் ஒழிய, பணத்துக்குப் பதிலாக அதைக் கொடுக்க முடியாது.

டிக்கெட் போட்டுக் கொடுத்த ஈஸ்ட் ஹாம், வெம்பிளி ஏஜென்டிடம் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. விமானத்தை இயக்கியது யாரோ அவர்தான் பொறுப்பு. டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் பெயரும் விமானத்தின் வாலில் இன்னொரு பெயரும் இருந்தால், பெரும்பாலும் வாலில் இருப்பவருக்குத்தான் எழுத வேண்டும். இணையத்தில் ‘நாங்கள் வாங்கித் தருகிறோம்’ என்னும் கம்பெனிகளும் உண்டு. வேலை என்னவோ நீங்கள் எழுத வேண்டிய அதே அரைப் பக்கம்தான். கூலி கணிசமான பங்கு.

மீண்டும் மறுத்தாலோ, எட்டு வாரமாகியும் பதில் இல்லை என்றாலோ அடுத்த படி. அந்த நிறுவனம் ஏதாவது சமரச அமைப்பில் சேர்ந்திருக்கிறதா என்று, பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டியின் தளத்தில் இருக்கும். அமைப்பின் முடிவை நீங்கள் ஏற்றால் நிறுவனம் கட்டுப்பட வேண்டும்; நீங்கள் ஏற்காமல் நீதிமன்றம் போகலாம்.

நீதிமன்றம் என்றதும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: ‘கேஸ் போட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமா?’ வராது. நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கப் போவதில்லை, வாதி. இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரையிலான சிறு வழக்கை வக்கீல் இல்லாமல் இணையத்திலேயே பதியலாம். 2080 பவுண்டு கேட்கும் குடும்பத்துக்குப் பதிவுக் கட்டணம் 115 பவுண்டு, விசாரணைக் கட்டணம் தனி. வென்றால் இரண்டும் திரும்ப வரும். போடுவதற்கு முன் 14 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதம் அனுப்பியிருக்க வேண்டும். காலக்கெடு இங்கிலாந்தில் ஆறு ஆண்டு, ஸ்காட்லாந்தில் ஐந்து. எனவே 2022இல் மாமா இறந்து ஊருக்குப் போன அந்தப் பயணத்தையும் ஒருமுறை மின்னஞ்சலில் தேடிப் பாருங்கள்.

வழக்குப் பதிவானதும் பல நேரம் ‘நல்லெண்ண அடிப்படையில்’ தருகிறோம் என்று தொலைபேசி வரும். முழுத் தொகையும் கட்டணமும் சேர்த்துக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை வழக்கை வாபஸ் வாங்காதீர்கள்.