தங்கமீன் தொட்டி: அளவிலும் எண்ணிக்கையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்கு விடுமுறை நாளில் சென்றால், ஒரு கையில் சிறிய கண்ணாடித் தொட்டியும் மறுகையில் நான்கைந்து தங்கமீன்கள் நீந்தும் பிளாஸ்டிக் பையுமாகக் கிளம்பும் குடும்பங்களைக் காணலாம். பையிலுள்ள மீன் ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் இருக்கும். அந்த இரண்டு அங்குலத்தைப் பார்த்துத் தொட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் மற்ற தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன. தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீண்ட உடலும் ஒற்றை வாலும் உடைய காமெட், ஷுபுன்கின் போன்றவை நல்ல இடம் கிடைத்தால் ஓரடி வரை வளரும். உருண்டை உடலும் இரட்டை வாலும் உடைய ஒரண்டா, ரியூக்கின், பிளாக் மூர் ஆகியவை ஆறு முதல் எட்டு அங்குலம் வரை வளரும். முறையாகப் பராமரித்தால் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் இது.

ஓர் அங்குல மீனுக்கு ஒரு கேலன், அதாவது ஏறத்தாழ நான்கு லிட்டர் தண்ணீர் போதும் என்ற கணக்கைப் பலர் சொல்வார்கள். மெலிந்த சிறு மீன்களுக்கு ஓரளவு பொருந்தும் அந்தக் கணக்கு தங்கமீனுக்குப் பொருந்தாது. மீனின் நீளம் இரண்டு மடங்கானால், அகலமும் உயரமும் சேர்ந்தே வளர்வதால், எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது; அது தின்னும் உணவும் வெளியேற்றும் கழிவும் எடையைத்தான் பின்தொடர்கின்றன, நீளத்தை அல்ல.

உருண்டை உடல் வகைகளுக்கு முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான தொடக்கம். இதன்படி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் இரண்டு மீன்களை வளர்க்கலாம். காமெட் வகைக்கு நான்கடிக்குக் குறைந்த தொட்டி எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; வீட்டில் இடமிருந்தால் நிழலில் அமைந்த சிமெண்ட் தொட்டியே அதற்கு ஏற்றது.

தொட்டியின் கொள்ளளவைச் சீட்டில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்வதும் தவறு. என் முதல் தொட்டி இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்டது. கணக்குப்படி 56 லிட்டர். கூழாங்கல்லைப் பரப்பி, மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பியபோது, 15 லிட்டர் வாளியில் மூன்று வாளித் தண்ணீர்தான் அதில் பிடித்தது. அந்த மூன்று வாளித் தண்ணீரில் ஆறு மீன்களை விட்டேன். இரண்டாம் வாரம் ஒரு விடியற்காலையில் ஆறும் நீர்மட்டத்தில் வாயை வைத்துக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. பசி என்று எண்ணி மேலும் உணவு போட்டேன். அன்று மாலைக்குள் இரண்டு மீன்கள் இறந்தன. அந்தக் காட்சியை இன்றும் மறக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் வாழும் நுண்ணுயிரிகள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அந்த நுண்ணுயிரிகள் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் எல்லா மீன்களையும் ஒரே நாளில் விடுவது, தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஆபத்தானது. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் குளோரின் அந்த நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும்; தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிப் பிழிந்தால் போதும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். அதே வெப்பம் மீனின் ஆக்சிஜன் தேவையையும் அம்மோனியாவின் நச்சுத்தன்மையையும் கூட்டுகிறது. மார்கழியில் நன்றாக இருந்த தொட்டி சித்திரையில், அதுவும் மின்தடையால் ஏர் பம்ப் நின்ற இரவில், தாங்காமல் போவது இதனால்தான்.

கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாய் குறுகியதால் காற்று படும் பரப்பு குறைவு, ஃபில்டர் வைக்க இடமில்லை. ரோம் நகராட்சி 2005-லேயே அதைத் தடை செய்தது. "தொட்டிக்கு ஏற்றபடிதான் மீன் வளரும்" என்ற ஆறுதலையும் நம்ப வேண்டாம். மோசமான நீரில் வளர்ச்சி குன்றுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பாசியைத் தின்னும் என்று சக்கர் மீனைச் சேர்ப்பதும் வேண்டாம்; அதுவும் ஓரடிக்கு மேல் வளரும், கழிவும் மிகுதி, சில நேரம் தங்கமீனின் உடலிலுள்ள வழவழப்புப் படலத்தையே உறிஞ்சும்.

ஏற்கெனவே மீன்கள் கூடிப்போயிருந்தால், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ வாங்கிய கடையிலோ சிலவற்றைக் கொடுத்துவிடலாம். ஏரியிலோ கோயில் குளத்திலோ விடக் கூடாது. அடிச்சேற்றைக் கிளறி, நீர்ச்செடிகளைத் தின்று, அங்குள்ள மீன்களுக்கு நோயையும் பரப்பக்கூடும். மாற்று ஏற்பாடு ஆகும்வரை உணவைப் பாதியாகக் குறைத்து, குளோரின் நீக்கிய, ஏறக்குறைய அதே வெப்பநிலையுள்ள தண்ணீரால் மூன்று நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை மாற்றி வர வேண்டும்.