மின்விசை ரைபிள் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் முழுவதும் உறைப்பெட்டியிலேயே கிடந்த தம் மின்விசை ரைபிளை (ட்ரிகர் மின்சாரத்தால் இயங்கும், 10 மீட்டர் தூர இலக்கைச் சுடும் ஏர் ரைபிள்) அண்மையில் ஒரு மாணவி என்னிடம் நீட்டி, "சார், ட்ரிகரை அழுத்தினால் சில நேரம் சுடுகிறது, சில நேரம் சுடவில்லை" என்றார். பேட்டரி மூடியைத் திறக்கும் முன்பே எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. பெல்லட்டை (ஏர் ரைபிளின் சிறு குண்டை) தலைகீழாகப் போடுவது போன்ற பிழைகளை எவரும் ஒரு வாரத்தில் தாமே திருத்திக்கொள்வர். அவற்றை இங்கே எழுதவில்லை.

பேட்டரியை உள்ளேயே விட்டுவிடுதல்

மின்விசையில், அதாவது மின்சார ட்ரிகரில், விரல் ஒரு சுவிட்சை மட்டுமே இயக்குகிறது. மீதி வேலை மின்சாரத்தினுடையது. பேட்டரிக்கும் அதைத் தொடும் தகட்டுக்கும் இடையே தொடர்பு தடுமாறினால் விசையும் தடுமாறும்.

தேவனாம்பட்டினத்தில் கடலுக்கு மிக அருகில் குடியிருந்தபோது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயிற்சி இல்லாத ஒரு பருவமழைக் காலத்தில், அல்கலைன் பேட்டரியைக் கழற்றாமல் ரைபிளைப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஜனவரியில் விசை தவறத் தொடங்கியது. புதிய பேட்டரி போட்டதும் விளக்கு எரிந்ததால், குறை என் விரலில்தான் என்று முடிவுகட்டி, விசையின் எடையையும் நகர்வையும் மாற்றும் திருகுகளை வாரக்கணக்கில் திருகினேன். புதுச்சேரியில் ஒரு போட்டியில், மூச்சை அடக்கிக் குறிவைத்து அழுத்தியும் மூன்று முறை குண்டு போகவில்லை. பழுது பார்ப்பவர் திறந்தபோது, பழைய பேட்டரியிலிருந்து கசிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மின்சுற்றுப் பலகை வரை ஊர்ந்து தாமிரக் கோடுகளை அரித்திருந்தது. மாற்றுப் பலகை வெளிநாட்டிலிருந்து வர நான்கு மாதங்கள் ஆயின. ஆனால் இரண்டு ஆண்டுகள் விரலுக்குப் பழகிய அமைப்பை, அளவு எழுதி வைக்காததால், என்னால் மீட்கவே முடியவில்லை. இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

ஒரு வாரத்துக்கு மேல் சுடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் தனியே வையுங்கள். கசிவு தகட்டோடு நின்றிருந்தால், கையுறை அணிந்து, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்கு உலர விடலாம். பலகையைத் தொட்டிருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தகட்டைச் சோதிக்கும் வரை எந்தத் திருகையும் தொடாதீர்கள். ஒவ்வொன்றும் எத்தனை சுற்றில் நிற்கிறது என்பதை இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

உதிரிபாகம் பற்றிக் கேளாமல் வாங்குதல்

ரெமிங்டன் நிறுவனம் 2000-இல் எட்ரான்எக்ஸ் என்ற வேட்டை ரைபிளை வெளியிட்டது. அதன் கட்டையில் 9 வோல்ட் பேட்டரி இருந்தது. மின்சாரத்தால் பற்றும் தனிவகை பிரைமர் (தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதி) போட்ட தோட்டா மட்டுமே அதில் வெடிக்கும். சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றபோது, வாங்கியவர்கள் அந்தப் பிரைமருக்காக அலைய நேர்ந்தது. பலகை எங்கே கிடைக்கும், யார் மாற்றுவார் என்பதை விலை பேசும் முன் கேளுங்கள்.

சிலிண்டரின் தேதியைப் பாராமை

குண்டைத் தள்ளும் அழுத்தக் காற்றை அடைத்துவைக்கும் சிலிண்டர் காலாவதியாகியிருந்தால் அதை நிரப்பாதீர்கள்.

பேட்டரி இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்று எண்ணுதல்

பேட்டரியைக் கழற்றியிருந்தாலும், குழலில் குண்டு இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கொடியை அதில் செருகுங்கள்.