ஏர் ரைஃபிளில் டார்ச் எங்கே மாட்டுவது? பேரலில் மட்டும் வேண்டாம்

வேலை முடிந்து முன்னீர்பள்ளம் பக்கம் இருக்கிற சித்தப்பா தோப்புக்குப் போய்ச் சேர மணி ஆறரை ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அதற்குள் கருக்கல் தட்டிவிடுகிறது. தென்னைக்கு அடியில் இன்னும் இருட்டு. 15 மீட்டரில் தொங்கவிட்ட தகர டப்பா எது, காய்ந்த மட்டை எது என்று ஸ்கோப்பில் (துப்பாக்கி மேல் மாட்டுகிற குறி பார்க்கும் தொலைநோக்கி) பார்த்தால் பிரியாது. சரி, ஒரு டார்ச்சை மாட்டிவிடலாம் என்று இறங்கினேன். மூன்று இடத்தில் மாட்டிக் கழற்றி, இரண்டு டார்ச்சைப் பாழாக்கிய பிறகு கிடைத்த பதில் இது.

என்னுடையது பேரலை, அதாவது குழலை, மடக்கி லோடு செய்கிற சாதாரண ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். 4.5 மி.மீ. துளை, 20 ஜூலுக்குள் ஆற்றல். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி இதற்கு லைசென்ஸ் வேண்டாம். நான் சுடுவது டப்பாவும் அட்டையும் மட்டுமே. டப்பாவுக்குப் பின்னால் மண்மேடு கட்டாயம் இருக்கட்டும். தென்னை மரத்தில் நேராக ஆணியடித்துத் தொங்கவிட்டால் ஈயக் குண்டு தெறித்து உங்களிடமே திரும்பி வரும்.

ஸ்கோப் மாட்டி ஜீரோ செய்ய, அதாவது குறி பார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி திருகி வைக்க, தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். இனி டார்ச்.

வாங்கும்போது இரண்டே விஷயம் பாருங்கள். உடம்பின் பருமன் ஒரு அங்குலக் குழாயை ஒட்டி இருக்க வேண்டும், அதாவது 25.4 மி.மீ. விட்டம். அப்போதுதான் ஸ்கோப்புக்கு விற்கிற ரிங்கே இதற்கும் பொருந்தும். கொஞ்சம் ஒல்லியாக இருந்தால் சைக்கிள் கடையில் பழைய ட்யூப் கேட்டு வாங்கி ஒரு சுற்று சுற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, ஒரே ஒரு வெளிச்ச அளவு உள்ள டார்ச்தான் வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முன்பக்கத்தை இழுத்து ஒளியைக் குவிக்கிற ஜூம் டார்ச் எனக்குப் பிடிக்காது. நாலு ஷாட்டில் அதன் தலை தானாக நழுவிவிடும். வெளிச்சமும் 200, 300 லுமென் போதும். நான் முதலில் வாங்கிய பெரிய டார்ச்சில் வெள்ளை அட்டை பளீரென்று எரிந்தது, ஸ்கோப்புக்குள் குறி காட்டுகிற குறுக்குக் கம்பியே கண்ணுக்குத் தெரியவில்லை.

இப்போது இடம். எல்லாரையும் போல நானும் முதலில் பேரலுக்கு அடியில்தான் கட்டினேன். பார்க்க நன்றாக இருந்தது. பேரலை மடக்கியதும் டார்ச் துப்பாக்கியின் மரக்கட்டையில் போய் 'டக்'கென்று இடித்தது. சற்று முன்னே தள்ளினேன். மடக்கும்போது கை பிடிக்கிற இடமே அதுதான், பிடிக்கத் தோதில்லை. அதையும் சமாளித்துச் சுட்டால், அட்டையில் குண்டு பழைய இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே விழுகிறது. டார்ச்சைக் கழற்றினால் பழைய இடம். மாட்டினால் மறுபடி கீழே. பேரல் மடங்குகிற துப்பாக்கியில் பேரலின் முனையில் ஏற்றுகிற எடை குறியை மாற்றிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்கோப்பைத் திருகித் திருகி, கடைசியில்தான் இது உறைத்தது.

அப்புறம் இடது பக்கம். கட்டையோரம் ஒரு கிளாம்ப் போட்டால் இடது கட்டைவிரலுக்கு சுவிட்ச் எட்டும், அது ஒன்றுதான் வசதி. பேரலின் நிழல் வலது பக்கம் விழுந்து, டப்பா நிழலுக்குள் ஒளிந்துகொள்கிறது. துப்பாக்கியும் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

எனக்குச் சரிப்பட்டது ஸ்கோப்பின் மேல். '8' மாதிரி இரண்டு வளையம் சேர்ந்த கிளாம்ப் கிடைக்கும். கீழ் வளையம் ஸ்கோப் குழாயில், மேல் வளையத்தில் டார்ச். ஆலன் கீயை விரல் நுனியில் பிடித்து இறுக்குகிற அளவே போதும். பலமாக முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கிவிடும். எடை கூடுவதால் ஸ்கோப்பே பின்னால் நகரப் பார்க்கும். ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்திருக்கிற மவுண்டின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு அவ்வப்போது பாருங்கள்.

நான் தடுமாறிய இடம் இங்கேதான். முதல் நாள் ராத்திரி மாட்டி ஸ்கோப்பில் பார்த்தால் ஒரே வெள்ளைப் புகை. லென்ஸில் ஈரம் என்று துடைத்தேன். புகை போகவில்லை. கையால் பேரலின் முனையை மறைத்துப் பார்த்தபோது சட்டென்று தெளிந்தது. டார்ச் முகம் ஸ்கோப்பின் முன்வாயைவிடப் பின்னால் இருந்ததால், சிதறுகிற ஒளி ஸ்கோப்பின் விளிம்பிலும் பேரல் முனையில் இருக்கிற முன்குறியிலும் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வந்திருக்கிறது. டார்ச்சை முன்னால் தள்ளி, அதன் முகம் ஸ்கோப்பின் முன்வாயை ஒரு விரற்கடை தாண்டி நிற்கும்படி வையுங்கள். சைக்கிள் ட்யூபில் நாலு அங்குலம் வெட்டி டார்ச்சின் தலையில் குல்லா மாதிரி மாட்டிவிட்டால் பக்கத்தில் சிதறுவது நின்றுவிடும். முன்குறியில் பளபளப்பில்லாத கறுப்பு டேப் ஒட்டினேன். புகை போயே போச்சு.

ஒளியின் நடுப்பகுதி குறுக்குக் கம்பியில் விழவில்லையென்றால் வளையத்துக்குள் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து வைத்துச் சரிசெய்யலாம்.

அடுத்த தலைவலி: ஒவ்வொரு ஷாட்டுக்கும் டார்ச் ஒரு கட்டம் தாவியது. பிரகாசம், மங்கல், அப்புறம் போலீஸ் வண்டி மாதிரி சிமிட்டல். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னுக்கு உதைக்கும். பிஸ்டன் ஓடிப்போய் முட்டியதும் முன்னுக்கும் உதைக்கும். அந்த இரட்டை உதையில் உள்ளே இருக்கிற 18650 செல் (சார்ஜ் செய்கிற லித்தியம் பேட்டரி) ஒரு கணம் தொடர்பு விட்டு ஒட்டுகிறது. யாரோ சுவிட்சைத் தட்டியதாக டார்ச் நினைத்துக்கொள்கிறது. ஒரே அளவு வெளிச்சம் என்று நான் சொன்னது இதனால்தான். முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்பிரிங் உள்ள டார்ச்சாகப் பார்த்து வாங்குங்கள். முன்பக்கம் இல்லையென்றால் ரேடியோ ரிப்பேர் கடையில் கொடுத்து ஒரு சின்ன பித்தளை ஸ்பிரிங் பற்றவைக்கலாம். இடைவெளியை அடைக்க ஒரு நண்பர் காந்தத் துண்டு போடச் சொன்னார். வேண்டாம். அது நழுவினால் செல் ஷார்ட் ஆகிவிடும்.

இதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் சித்தி டீ கொண்டுவந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் "யாரு?" என்று அப்படியே திரும்பினேன். "ஏல, லைட்ட அணைல, கண்ணு கூசுது" என்றாள். அவளுக்குக் கண் கூசியது மட்டும்தான் தெரியும். ஒளி விழுந்த இடத்தை நோக்கியே பேரலும் நீட்டிக்கொண்டிருந்தது எனக்குத்தான் தெரியும். பெல்லட் போட்டிருக்கவில்லை, தப்பித்தேன். அன்றிலிருந்து வழி பார்க்க, குண்டு பொறுக்க, ஆள் பார்க்க நெற்றியில் கட்டுகிற விளக்கு தனி. துப்பாக்கி டார்ச் டப்பாவைப் பார்க்க மட்டும்.

பிறகு சேர்த்தது: தோட்டத்துக்கு மயில் வருகிறது, பன்றி வருகிறது, இதை மாட்டி விரட்டலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கூடாது. மயிலைச் சுடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம், ஏர் கன்னாக இருந்தாலும் சரி. பன்றிக்கு வனத்துறையிடம் போங்கள். பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளத்துக்காரர்கள் பறவை கலைந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடிகூடப் போடாத மாவட்டம் இது.

இன்னொன்று: மழை விட்ட மறுநாள் டார்ச் போட்டால் ஈசல் மொய்த்துவிடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் அதே கதைதான். லென்ஸுக்கு முன்னால் நூறு சிறகு அடித்தால் டப்பாவாவது ஒன்றாவது. இப்போதெல்லாம் சுட உட்கார்வதற்குக் கால் மணி நேரம் முன்பே மோட்டார் ரூம் பல்பைப் போட்டுவிடுகிறேன். ஈசல் அங்கே போய்விடுகிறது. பல்லிகளுக்கும் தவளைகளுக்கும் அன்றைக்குக் கொண்டாட்டம்.