கயிறு யார் கையில்? நாய்ப் பயிற்சியாளர் சான்றிதழுக்குத் தயாராகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி ராயபுரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார். நாய்ப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கவேண்டும், கொஞ்ச நாள் கூட இருந்து கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார். செல்போனில் ஒரு வீடியோவும் காட்டினார். ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் அவர் கை அசைவுக்கு உட்கார்ந்தது, படுத்தது, அவர் இருபது அடி தள்ளிப் போய்த் திரும்பும்வரை அசையாமல் இருந்தது. சுத்தமான வேலை.

“வீடியோ எடுத்தது யாரு?” என்று கேட்டேன்.

“ஓனர்தான்க்கா.”

“அவர் கையில எப்பவாவது கயிறு கொடுத்தீங்களா?”

தம்பி பேசாமல் இருந்தார். பதினொரு வருடத்துக்கு முன்னால் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். என்னிடம் வருகிற ஒவ்வொரு பிள்ளையும் நான் விழுந்த அதே பள்ளங்களில் விழுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நாயை அடிக்காதே, சொன்ன நேரத்துக்குப் போ என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வகுப்பில் கொடுக்கும் தாளைத் தகுதிச் சான்று என்று நம்புவது

நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட நம் நாட்டில் எந்தச் சான்றிதழும் கட்டாயமில்லை. அதனாலேயே இரண்டு நாள், ஒரு வாரம் என்று வகுப்பு நடத்தி, முடிவில் தங்க விளிம்பு போட்ட தாள் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் இரண்டு மாத வருமானத்தைக் கொடுத்து ஒரு தாள் வாங்கி, சட்டம் போட்டு மாட்டினேன். நீங்கள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதற்குத்தான் அது அத்தாட்சி. உங்களுக்கு வேலை தெரியும் என்பதற்கு அல்ல.

தகுதிச் சான்று என்பது, உங்களுக்குச் சொல்லிக்கொடுக்காத ஒரு வெளி அமைப்பு உங்களைச் சோதித்துக் கொடுப்பது. அமெரிக்காவில் 2001-இல் தொடங்கிய சி.சி.பி.டி.டி. என்ற, நாய்ப் பயிற்சியாளர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பு அப்படிப்பட்டது. அதன் சி.பி.டி.டி.-கே.ஏ. என்ற, பயிற்சியாளரின் அறிவைச் சோதிக்கும் தேர்வை எழுத, கடைசி மூன்று வருடங்களுக்குள் குறைந்தது 300 மணி நேரம் பயிற்சி கொடுத்த அனுபவம் வேண்டும். தேர்வில் 180 கேள்விகள், 3 மணி நேரம். தேறிய பிறகும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். படிப்பும் செய்முறை மதிப்பீடும் சேர்ந்தே வேண்டும் என்றால் கேரன் பிரையர் அகாடமி போன்றவை இருக்கின்றன. எதில் சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: இதில் தோற்க முடியுமா? எல்லோரும் தேறுகிற இடம் என்றால் காசை வீட்டில் வையுங்கள்.

ரேபிஸ் தடுப்பூசி போடாமல் இறங்குவது

கூடாது. கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரி. முன்பே ஊசி போட்டிருந்தாலும் போகத்தான் வேண்டும்.

‘நெகட்டிவ்’ என்றால் கெட்டது என்று படிப்பது

செயலும் விளைவும் பற்றி உளவியலாளர் ஸ்கின்னர் சொன்னதிலிருந்து வந்த நான்கு கட்டங்களைப் படிக்கும்போது எல்லோருக்கும் தலை சுற்றும். பாசிட்டிவ் என்றால் ஒன்றைச் சேர்ப்பது, நெகட்டிவ் என்றால் ஒன்றை எடுப்பது. ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்றால் செயல் கூடுவது, பனிஷ்மென்ட் என்றால் குறைவது. அவ்வளவுதான். நாய் உங்கள் மேல் தாவுகிறது, நீங்கள் திரும்பி நின்றுகொள்கிறீர்கள், தாவுவது குறைகிறது. உங்கள் கவனத்தை எடுத்தீர்கள், செயல் குறைந்தது: நெகட்டிவ் பனிஷ்மென்ட். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயினை மேலே இழுத்துப் பிடித்து, நாய் உட்கார்ந்ததும் தளர்த்துகிறீர்கள். இறுக்கத்தை எடுத்தீர்கள், உட்காருவது கூடியது: நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். பெயரைப் பார்த்தால் முதலாவது கொடுமை போலவும் இரண்டாவது பரிசு போலவும் இருக்கும். நாயின் கழுத்தைக் கேட்டால் தெரியும். மனப்பாடம் செய்யாதீர்கள், தெருவில் பார்க்கிற ஒவ்வொன்றையும் எந்தக் கட்டம் என்று கேட்டுக்கொண்டே நடங்கள்.

நாயைப் பழக்கிவிட்டு, வீட்டு மனிதர்களைப் பழக்காமல் வருவது

இதற்குத்தான் வந்தேன். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நம் ஊரில் வேலை எப்படி நடக்கிறது? காலை ஆறு மணிக்குப் போகிறோம். வீட்டில் ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்து நாயை நம் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். அரைமணி நேரம் மொட்டை மாடியிலோ தெருவிலோ வேலை. திரும்பக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு அடுத்த வீடு. மாதக் கடைசியில் சம்பளம். மூன்று மாதத்தில் நாய் அருமையாகக் கேட்கும். நம்மிடம் மட்டும்.

தண்டையார்பேட்டையில் ஒரு லாப்ரடார், இரண்டு வயது, பெயர் சீசர். மகன் வெளிநாட்டில். வீட்டில் பாட்டியும் மருமகளும் பள்ளிக்கூடம் போகிற பேரனும்தான். மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் போனேன். சிட், டவுன், ஸ்டே, ஹீல் (பக்கத்திலேயே நடப்பது) எல்லாம் முடித்தேன். கடைசி நாள் தெருவே நின்று பார்த்தது. பாட்டி மட்டும் ஒன்று சொன்னார்: “நீ சொன்னா கேக்குது, நான் குந்துன்னா இன்னான்னு என் மூஞ்சியைப் பாக்குதும்மா.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அன்று அந்த ஒரு வாக்கியத்தைக் காதில் வாங்கியிருந்தால் போதும்.

பத்து நாள்கூட ஆகவில்லை. பாட்டி சீசரைப் பிடித்துக்கொண்டு முனையிலிருக்கும் பொட்டிக்கடைக்குப் போயிருக்கிறார். மீன்பாடி வண்டி ஒன்று போக, அதன் பின்னால் நாலைந்து தெருநாய்கள். சீசர் பாய்ந்தது. கயிறு நழுவாமல் இருக்கட்டும் என்று பாட்டி அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தார். இழுத்த இழுப்பில் குப்புற விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நான் போய்ப் பார்த்தபோது முழங்கைவரை மாவுக்கட்டு. சீசர் மாடியில் இரும்புச் சங்கிலியில் கட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் சங்கிலி எட்டுகிறவரை ஓடிவந்து அழகாக உட்கார்ந்து என் கையைப் பார்த்தது, தீனித் துண்டு கிடைக்குமா என்று. அக்கம்பக்கத்தில் அதற்கு அப்போதே ‘கெட்ட நாய்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது.

நாயின் மேல் என்ன தப்பு? கயிறை மணிக்கட்டில் சுற்றக் கூடாது என்று பாட்டிக்கு நான் ஒரு நாளும் சொல்லவில்லை. ‘சிட்’ என்றால் என்னவென்று சீசருக்குத் தெரியும், ‘குந்து’ என்றால் தெரியாது. மாடியில் என் பக்கத்தில் நடக்கத் தெரியும், மீன் வாசத்துக்கு நடுவில் பாட்டி பக்கத்தில் நடக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நாய்க்குப் பாடம் இடத்தோடும் ஆளோடும் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுத்து ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு ஆளோடும் மறுபடி கட்டுவதுதான் பயிற்சியாளர் வேலை. அந்தப் பாதியைச் செய்யாமலே முழுச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. இன்னொருவர் அதையே செய்வதைப் பார்த்தால் இன்னும் அதிகமாக வருகிறது.

திரும்பப் போய் ஆறு வாரம் காசு வாங்காமல் செய்தேன். முதல் மூன்று நாள் நாயே கிடையாது. கயிற்றின் ஒரு முனை மருமகள் கையில், மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு நாய் மாதிரி இழுத்தேன். வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி உள்ளங்கையை மூடுவது, இரண்டாவது கையைக் கயிற்றின் பாதியில் வைப்பது, இழுத்தால் எதிர்த்து இழுக்காமல் நின்றுவிடுவது, கயிறு தளர்ந்த நொடியில் “சபாஷ்” என்று சொல்லி, வேகவைத்த கோழி ஈரல் துண்டைத் தன் முட்டிக்குப் பக்கத்தில் கொடுப்பது. துண்டு பட்டாணி அளவு. முன்னால் நீட்டிக் கொடுத்தால் நாய் முன்னால்தான் ஓடும். இது கைக்குப் படிந்த பிறகுதான் சீசரை அவிழ்த்தோம். முதலில் மாடி, அப்புறம் படிக்கட்டு, வாசல், தெரு, கடைசியில் மீன் வண்டி நிற்கிற முனை. முனையில் முதல் நாள் முப்பதடி தள்ளி நின்றோம். தெருநாயைப் பார்த்தும் சீசர் மருமகள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற தூரம் அன்றைக்கு அதுதான். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே.

சொல்லை மாற்றுவது சுலபம். புதுச் சொல் முதலில், ஒரு நொடி விட்டுப் பழைய சொல். “குந்து”, ஒரு நொடி, “சிட்”, உட்கார்ந்ததும் ஈரல். நாலைந்து நாளில் “குந்து” என்றதும் உட்கார ஆரம்பித்தது. கையில் கட்டோடு பாட்டி நாற்காலியில் இருந்தபடியே அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் வைத்திருக்கிற கணக்கு: அரைமணி நேரத்தில் கயிறு என் கையில் பத்து நிமிடம், அவர்கள் கையில் இருபது நிமிடம். வீட்டில் யாரும் வரமாட்டோம் என்றால் அந்த வேலையை எடுப்பதில்லை. ஆரம்பத்தில் இதனால் இரண்டு வீடு போனது. போகட்டும். தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். மனிதர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது சி.பி.டி.டி.-கே.ஏ. தேர்வில் ஒரு தனிப் பகுதியாகவே இருக்கிறது. தனியாக நாயோடு மட்டும் ஓட்டிய மணிகள் அங்கே கைகொடுக்காது.

உறுமலை அடக்குவது

உறுமுகிற நாய் உங்களிடம் பேசுகிறது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போ’ என்கிறது. அதற்குத் தண்டனை கொடுத்தால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். உறுமலுக்கு முன்பே உதட்டை நக்கும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்வெள்ளை தெரியப் பார்க்கும். அங்கேயே நிறுத்தத் தெரிய வேண்டும். ‘நான்தான் தலைவன் என்று நாய்க்குக் காட்டணும்’ என்று சொல்லிக்கொடுக்கிறவர்களை விட்டு விலகுங்கள். 1947-இல் ஷெங்கல் என்ற ஆய்வாளர் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்த எண்ணம் அது. அதைப் பரப்பிய புத்தகத்தை எழுதிய டேவிட் மீச் என்ற ஓநாய் ஆய்வாளரே பிறகு காட்டு ஓநாய்களைப் பார்த்துவிட்டு, கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் எழுதினார்.

மே மாத மதியம் மொட்டை மாடி

புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது.

கருவாடு

நாய்க்குப் பரிசாகவா? உப்பு. வேண்டாம்.

வலியைக் குணம் என்று நினைப்பது

வியாசர்பாடியில் ஒரு பொமரேனியன், தலையைத் தொட்டால் கடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஒரு வாரம் தொடுவதற்குப் பழக்கிப் பார்த்தேன். எட்டாவது நாள்தான் காதைத் தூக்கி மோந்து பார்த்தேன். உள்ளே சீழ். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் மருந்து கொடுத்து இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. திடீரென்று குணம் மாறிய நாய் என்றால் முதலில் டாக்டர், அப்புறம் நாம்.

மணிக்கணக்கை மனதில் வைப்பது

தினம் இரண்டு நாய், ஒவ்வொன்றும் அரைமணி என்றால் தேர்வுக்கு வேண்டிய 300 மணி சேர 300 நாள் ஆகும். மழை, திருவிழா, வீட்டுக்காரர் ஊருக்குப் போவது எல்லாம் சேர்ந்தால் ஒன்றேகால் வருடம். இவ்வளவையும் கடைசியில் யோசித்து யோசித்து எழுதமுடியாது. நான் முதல் ஏழு மாதத்தை எழுதாமல் விட்டேன். அதை எண்ணிக்கையில் சேர்க்க மனம் வரவில்லை, விட்டுவிட்டேன்.

ஒரு சாதாரண கோடு போட்ட நோட்டுப் போதும். தேதி, எந்த நாய், என்ன வேலை, எத்தனை நிமிடம். ஐந்தாவதாக ஒரு கட்டம்: கயிறு யார் கையில்? பெரம்பூர்த் தம்பிக்கும் அப்படி ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் இரண்டு வாரமும் அந்தக் கட்டத்தில் அவர் பெயரே இருந்தது. போன வெள்ளிக்கிழமை பக்கத்தில் ‘ஓனர் அம்மா, 7 நிமிடம், ஒரு தடவை கயிறை விட்டுட்டாங்க’ என்று எழுதியிருந்தார். சனிக்கிழமை 12 நிமிடம்.