வீட்டு மேக்கப்பைக் கெடுப்பது ஈரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீட்ரூட் சாற்றையும் தேங்காய் எண்ணெயையும் கலந்து டப்பாவில் ஊற்றி வைத்தால், மறுநாள் காலையில் சாறு அடியிலும் எண்ணெய் மேலுமாகப் பிரிந்து நிற்கும். இரண்டு மூன்று நாளில் மூடியைத் திறந்தால் புளித்த வாடை அடிக்கும். "இயற்கைப் பொருள் என்றால் இப்படித்தான்" என்று அதை வழித்து எறிந்துவிட்டுப் பழையபடி கடை லிப்ஸ்டிக்குக்குத் திரும்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பொருள்மேல் குற்றம் இல்லை. எண்ணெயில் கரையாத நிறத்தை எண்ணெயில் போட்டது ஒரு தவறு, தண்ணீரை உள்ளே விட்டது இன்னொரு தவறு.

குமரி மாவட்டத்தில் இந்த இரண்டாவது தவறுக்கு மன்னிப்பே கிடையாது. ஆனி, ஆடியிலும் மழை. ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. மழை ஓய்ந்த நாளிலும் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டே வரும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறையை அப்படியே பின்பற்றினால் இங்கே லிப் பாம் உருகும், பவுடர் கட்டி தட்டும், சாறு சேர்த்தது எதுவானாலும் பூசணம் பிடிக்கும்.

ஆகவே எடுத்து வைத்துப் பயன்படுத்தப் போகிற எதிலும் தண்ணீர் சேர்க்காதீர்கள். தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் மட்டுமல்ல. ரோஸ் வாட்டர், கற்றாழைச் சோறு, தயிர், தேங்காய்ப்பால், அரிசி கழுவிய கழுநீர் எல்லாமே தண்ணீர்க் கணக்குதான். இவற்றைக் கலந்தால் அன்றைக்கே பூசித் தீர்க்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். வாடையும் பூசணமும் தெரிவதற்கு முன்பே கிருமிகள் பெருகியிருக்கும் என்பதால், "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது" என்ற சமாதானம் இங்கே உதவாது.

வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் கெடாது என்று பலர் நம்புகிறார்கள். அது எண்ணெய் காறிப்போவதைத் தள்ளிப்போடும். பாக்டீரியாவையோ பூசணத்தையோ அது தடுக்காது. எண்ணெயும் மெழுகும் மட்டும் உள்ள கலவையில் அதைச் சேர்ப்பதில் பொருள் உண்டு. சாறு கலந்த கிரீமில் சேர்ப்பதில் எந்தப் பயனும் இல்லை.

லிப் பாம்: மெழுகுக் கணக்கு

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உருகிவிடும். நாகர்கோவிலிலோ குளச்சலிலோ வீட்டுக்குள் அதற்குக் குறைவான வெப்பம் அபூர்வம். நம் வீடுகளில் வெளிச்செண்ணெய் (தேங்காய் எண்ணெய்) குப்பிக்குள் எப்போதும் நீராகவே கிடப்பது அதனால்தான். "தேங்காய் எண்ணெய் நான்கு கரண்டி, மெழுகு அரைக் கரண்டி" என்கிற செய்முறை ஒரு குளிர்ப் பிரதேசத்தில் கெட்டியாக நிற்கலாம். இங்கே கைப்பைக்குள் ஒழுகும். பாம் நிற்பதற்கு வேண்டிய வலு தேன்மெழுகிலிருந்துதான் வரவேண்டும். அது 62 முதல் 65 டிகிரி வரை உருகாது.

நம் வெயிலுக்கு நிற்கிற அளவு இது: தேன்மெழுகு 10 கிராம், விளக்கெண்ணெய் 15 கிராம், தேங்காய் எண்ணெய் 10 கிராம். 5 கிராம் டப்பா ஏழு நிறையும். இதைக் கரண்டியால் அளக்காதீர்கள். துருவிய மெழுகு கரண்டியில் குவிந்து நின்றாலும் எடை கொஞ்சமாகத்தான் இருக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதம் வரும். கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்று வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

உருக்கும்போது செய்கிற தவறுகள் இரண்டு. ஒன்று, மெழுகை நேரே அடுப்பில் வைப்பது. அடி தீய்ந்து நிறம் மாறும், தேன்மணம் போகும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. வெந்நீர் உள்ள பாத்திரத்துக்குள் சிறு கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். இரண்டு, உருகிய மெழுகில் ஆறிய எண்ணெயைச் சட்டென்று ஊற்றுவது. மெழுகு அந்த இடத்திலேயே உறைந்து மணல்மணலாக நிற்கும். எண்ணெயையும் மெழுகோடு சேர்த்தே கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கினால் இந்தத் தொல்லை வராது. இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் மெழுகைக் கறுக்க வைக்கும்; எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணம் போதும்.

ஊற்றும் முன் ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு ஆறவைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் வழுக்கிக்கொண்டு போனால் மெழுகு ஒரு கிராம் கூட்டவேண்டும். நகத்தால் சுரண்டினால்தான் வருகிறது என்றால் எண்ணெய் இரண்டு கிராம். டப்பாவில் ஊற்றி உறைந்த பிறகு திருத்துவது இரட்டை வேலை.

மெழுகு வாங்குவதில் நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. மார்த்தாண்டம் சுற்றுவட்டாரம் தேனீ வளர்ப்புக்குப் பெயர்போனது. ரப்பர் மரம் தளிர்விடும் பருவத்தில் தளிரிலை சுரக்கிற இனிப்பைத்தான் தேனீக்கள் இங்கே பெருமளவு சேகரிக்கின்றன. தேனீ வளர்ப்போரிடம் பழைய அடைகளை உருக்கிய மெழுகு கிடைக்கும். அதை அப்படியே பாமில் போட்டால் புழுக்கூட்டின் கசடு உதட்டில் நெருடும். முதலில் தண்ணீரோடு சேர்த்து உருக்கித் துணியில் வடிகட்டி, அசையாமல் ஆறவிடுங்கள். மேலே மெழுகு தகடாக உறையும். அதன் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கசடைக் கத்தியால் சுரண்டி, ஈரம் போகும்வரை உலரவைத்துப் பிறகு எடை போடுங்கள். கடையில் "தேன்மெழுகு" என்று தருவது சிலநேரம் மெழுகுவர்த்தி மெழுகாகவே இருக்கும். உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து பாருங்கள். தேன்மெழுகு பிசுபிசுத்துக் குழையும், தேன் வாசம் வரும். வர்த்தி மெழுகு வழுவழுப்பாக நொறுங்கும்.

மெழுகு கிடைத்த இடத்தில் நல்ல தேனும் கிடைக்கிறதே என்று அதையும் ஒரு கரண்டி பாமில் விடுகிறார்கள். தேன் எண்ணெயில் கரையாது. அடியில் தனியாகத் தங்கி ஒட்டும், டப்பாவுக்கு எறும்பு வரும். தேன் வேண்டுமானால் இரவில் உதட்டில் தனியாகத் தடவி, பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள்.

விளக்கெண்ணெயைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பூஜைப் பொருள் கடையில் விற்கும் தீப எண்ணெய் பல எண்ணெய்களும் வாசனையும் கலந்தது, உதட்டுக்கும் கண்ணுக்கும் ஆகாது. மருந்துக்கடையிலோ நம்பிக்கையான செக்கிலோ கிடைக்கும் சுத்தமான ஆமணக்கெண்ணெய்தான் வேண்டும்.

நிறம் எதில் கரையும்?

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதிச் செய்முறைகளைப் பார்த்தவுடனே தள்ளிவிடலாம். பீட்ரூட்டின் சிவப்பும் செம்பருத்தியின் சிவப்பும் நீரில் கரைபவை. எண்ணெயில் எவ்வளவு கிளறினாலும் அவை இறங்காது. செஞ்சந்தனத்தின் சிவப்போ சாராயத்தில்தான் நன்றாகக் கரையும். செஞ்சந்தனப் பொடியை எண்ணெயில் போட்டால் கிடைப்பது நிறமல்ல, மரத்தூள், உதட்டில் நறநறக்கும்.

எண்ணெய்க்கு நிறம் தருவது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வேம்பாளம்பட்டை. தலைக்கு எண்ணெய் காய்ச்சும்போது சிவப்பேற்றப் போடுகிற அதே பட்டைதான். 5 கிராம் பட்டையை 30 மில்லி விளக்கெண்ணெயில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இருபது நிமிடம் வெதுவெதுப்பாக வைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். மேலே சொன்ன 15 கிராம் விளக்கெண்ணெய்க்குப் பதில் இந்தச் சிவந்த எண்ணெயைச் சேர்த்தால் உதட்டில் மெல்லிய செம்மை ஏறும். கடை லிப்ஸ்டிக் அளவுக்கு அடர்த்தி வராது. அதை எதிர்பார்த்துப் பட்டையை மூன்று மடங்கு போடுகிறவர்களுக்குக் கிடைப்பது கசப்பும் பல்லில் ஒட்டும் கறையும்தான். பட்டையைக் கழுவினால் நன்றாக உலர்ந்த பிறகே எண்ணெயில் போடவேண்டும்.

பீட்ரூட்டைக் கன்னத்துக்குப் பொடியாகப் பயன்படுத்தலாம். தாள் மாதிரி சீவி, நிழலில் மின்விசிறிக் காற்றில், மழைநாளானால் 50, 60 டிகிரி சூட்டில் ஓவனில் உலர்த்துங்கள். கொதிக்கும் சூட்டில் நிறம் பழுப்பாகிவிடும். வளைந்தால் இன்னும் காயவில்லை, "டக்" என்று ஒடிந்தால்தான் பதம். ஒரு கிலோவுக்கு நூறு கிராம் அளவே பொடி தேறும். இதிலுள்ள சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், திறந்து வைத்த டப்பாவில் ஐப்பசி மழைநாளில் ஒரே இரவில் கல்லாகிவிடும். சிறிய டப்பாக்களில் இறுக்கி மூடி, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறப்பதே வழி. பொடி ஒரு பங்கு, கூவைமாவு (ஆரோரூட்) மூன்று பங்கு. வியர்த்த கன்னத்தில் பூசினால் திட்டுத் திட்டாகச் சாயம் பிடிக்கும்; முகத்தை நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகே தூரிகையைத் தொடுங்கள்.

முகப்பவுடருக்கு மில்லில் அரைத்த அரிசி மாவு ஆகாது. சல்லடையில் எத்தனை முறை சலித்தாலும் அது பருபருவென்றுதான் இருக்கும், தோலை உரசும். நமக்கு வேண்டியது அரைத்த மாவு அல்ல, கிழங்கிலிருந்து தெளியவைத்து எடுக்கும் "நூறு", அதாவது ஸ்டார்ச். கூவைக்கிழங்கைத் துருவி, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டித் தெளியவிட்டு, மேல்நீரை ஊற்றி மறுபடி புதுநீர் விட்டு மூன்று நான்கு முறை தெளிய வைத்தால் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் அது. குழந்தைகளுக்குக் கூவைக்கஞ்சி காய்ச்ச எடுப்பதும் இதையேதான். மரச்சீனியிலிருந்தும் (மரவள்ளிக்கிழங்கு) இப்படி எடுக்கலாம். மாசி, பங்குனி வெயிலில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அரைகுறையாகக் காய்ந்தது வாரத்தில் புளிக்கும். தோல் நிறத்துக்கு ஏற்ப, இனிப்புச் சேர்க்காத கொக்கோ பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து, மல்லுத் துணியில் சலித்துக்கொள்ளுங்கள். நிறத்தைக் குழல்விளக்கின் கீழ் பார்க்காமல் முற்றத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

கண்மை

பூவாங்குருந்தல் அல்லது கரிசலாங்கண்ணிச் சாற்றில் பருத்தித் துணியை நனைத்து உலர்த்தி, திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்துப் புகைக்கரியைத் தட்டில் பிடிக்கும் முறை நம் பக்கத்தில் பழையது. பெரும்பாலும் தவறுவது துணியை உலர்த்துவதில்தான். ஈரம் இருந்தால் திரி சடசடக்கும், கரி பிசினாக வரும். துணி இரண்டு மூன்று நாள் நிழலில் மொறுமொறுப்பாகக் காய வேண்டும். தட்டைச் சுடர்மேல் கவிழ்த்துப் பொத்திவிடாமல் நான்கைந்து விரல்கடை உயரத்தில் நிறுத்துங்கள். காற்று புகாவிட்டால் விளக்கு அணைந்து எண்ணெய்ப்புகை மட்டும் படியும். கரியைச் சுரண்டி மல்லுத் துணியில் சலித்து, கால் கரண்டிக் கரிக்கு நான்கைந்து சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் குழையுங்கள். கூடுதல் எண்ணெய்தான் கண்மை வழிந்து கன்னத்துக்கு இறங்கக் காரணம்.

கற்பூரம் குளிர்ச்சி என்று சேர்ப்பார்கள். அது குளிர்ச்சி அல்ல, எரிச்சல். கண்ணீர் வந்தால் கண் சுத்தமாகிறது என்று பொருளில்லை. சுர்மாக் கல் என்று விற்கும் பளபளப்பான கறுப்புப் பொடியைத் தொடவே வேண்டாம், அது பெரும்பாலும் ஈயச் சேர்மம். வீட்டில் செய்த மையை இமையின் வெளிப்பக்கம், முடிக்கு மேலே மட்டும் தீட்டுங்கள். உள்விளிம்பில் இழுத்தால் கரித்துகள் கண்ணுக்குள் போகும். கண் நோய் உள்ளபோது அதே குச்சியைத் தங்கைக்கும் கொடுத்தால் நோய் அவளுக்கும் ஒட்டும்.

கைக்குழந்தையின் கண்ணுக்கு மை வேண்டவே வேண்டாம். குழந்தை மருத்துவர்கள் இதைச் சலிக்காமல் சொல்கிறார்கள்: கிருமித் தொற்று வரும், கண்ணீர்ப் பாதை அடைபடும். கண்ணேறு கழிய வேண்டும் என்று பாட்டிமார் மனசு கேட்காவிட்டால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைக்கலாம். குழந்தையின் கை அங்கிருந்து வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகத்துக்குக் கொண்டுபோகக் கூடாதவை

எலுமிச்சைச் சாறு. தோலின் இயல்பான அமிலநிலை (pH; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஐந்தை ஒட்டியது, எலுமிச்சை இரண்டு. அது போதாதென்று, சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் மாதக்கணக்கில் மறையாத கறுப்பும் வரும். சமையல் சோடா காரம் என்பதால் எதிர்த்திசையில் கெடுதல்.

குங்குமத்தை உதட்டுக்கும் கன்னத்துக்கும் குழைத்துப் பூசுவது இன்னொன்று. மஞ்சளில் சுண்ணாம்போ வெங்காரமோ பட்டால்தான் அந்தச் சிவப்பு வரும். நெற்றிப் பொட்டுக்குத் தாங்குகிற காரம் உதட்டுக்குத் தாங்காது. கிராம்பு எண்ணெயையும் இலவங்கப்பட்டை எண்ணெயையும் "உதடு தடித்து அழகாகும்" என்று சேர்க்கிறார்கள். மாறாமலையில் விளைகிற நம் கிராம்பு மணத்துக்குப் பெயர்பெற்றது, அந்த மணத்தைத் தருகிற எண்ணெய்தான் தோலைப் புண்ணாக்குவதும். தடிப்பு என்று நினைப்பது வீக்கம்.

கஸ்தூரி மஞ்சள் என்று வாங்குவது பலநேரம் மஞ்சக்கூவை என்ற வேறு கிழங்கு. கஸ்தூரி மஞ்சளின் உட்புறம் வெளிறியிருக்கும், கற்பூரம் போன்ற வாசனை வரும். பளீர் மஞ்சளாகத் தோலில் பிடித்தால் அது வேறு. வீட்டில் செய்த எண்ணெய் எதையும் "சன்ஸ்கிரீன்" என்று நம்பிக் கடற்கரைக்குப் போகாதீர்கள். அதன் காப்பு எவ்வளவு என்று வீட்டில் அளக்க வழியே இல்லை. அதற்கு மட்டும் கடைப் பொருள்தான்.

டப்பாவைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்த பிறகு துணியால் துடைப்பது வீண்வேலை, துணியிலுள்ள கிருமி திரும்பி வரும். கவிழ்த்துவைத்துத் தானாக உலரட்டும். மூடியின் புரியில் ஒளிந்திருக்கும் ஒரு சொட்டு நீர்கூட நிற்கக் கூடாது. பாமை விரலால் எடுக்காமல் சின்னக் குச்சியால் எடுங்கள். எண்ணெய், மெழுகு மட்டும் உள்ளது மூன்று மாதம், காய்ந்த பொடி இரண்டு மாதம், கண்மை ஒரு மாதம். செய்த தேதியை மூடிமேல் எழுதுங்கள்.

புதிதாகச் செய்த எதையும் முழங்கை மடிப்பின் உட்புறம் பட்டாணி அளவு தடவி இரண்டு நாள் பாருங்கள். ஒவ்வாமை பலருக்கு முதல் மணிநேரத்தில் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவக்கும். கல்யாணத்துக்கு முந்தின இரவு செய்துவிட்டுக் காலையில் பூசுவது அதனால்தான் ஆபத்து. பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெய்க் கலவை துவாரங்களை அடைக்கும், உதட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிவந்து வீங்கினாலோ கண் உறுத்தினாலோ உடனே கழுவிவிட்டுப் பூசுவதை நிறுத்துங்கள். ஒரு நாளில் தணியாவிட்டால் மருத்துவரிடம் போகும்போது அந்த டப்பாவையும், அதில் சேர்த்தவற்றை எழுதிய சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.