திட்டுத்திட்டாகக் காய்ந்த புல்தரையைத் தேற்றும் முறை

புல்தரையில் சொட்டை விழுந்ததும் பலரும் முதலில் செய்வது, யூரியாவை ஒரு பிடி வீசித் தண்ணீர் விடுவதுதான். ஏற்கெனவே நன்றாக இருக்கும் புல் இன்னும் கரும்பச்சை ஆகும். சொட்டை அப்படியே கிடக்கும். கோளாறு பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கிறது. கால் பட்டுப் பட்டு இறுகிய மண்ணில் காற்றும் போகாது, நீரும் இறங்காது. அந்த இறுக்கத்தைத் தளர்த்தாமல் மேலே எதைக் கொட்டினாலும் வீண்.

இங்கே சொல்வது அருகு, கொரியன், பஃபலோ போன்ற படரும் புல்வகைகளுக்கானது. புல் மும்முரமாக வளரும் வெதுவெதுப்பான பருவத்தில் தொடங்குங்கள். கடும் வெயிலிலும் குளிரிலும் கை வைக்க வேண்டாம்.

1. ஏன் காய்ந்தது?

தண்ணீர் விட்ட மறுநாள் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரைச் சொட்டையில் குத்துங்கள். 15 செ.மீ. வரை சிரமமில்லாமல் இறங்கினால் மண் சரி. பாதியில் முட்டி நின்றால் இறுகிவிட்டது. பசுமையான இடத்திலும் ஒருமுறை குத்தினால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

அடுத்து, காய்ந்த புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுங்கள். பாய் மாதிரி சுருண்டு வந்தால் வேரைப் புழு தின்றிருக்கிறது. அடியில் கிளறினால் பழுப்புத் தலையோடு வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் தெரியும். ஒரு சதுர அடியில் ஒன்றிரண்டு இருந்தால் பயமில்லை. பத்துக்கு மேல் இருந்தால் முதலில் அதற்கு வழி பார்க்க வேண்டும்: புழுவைக் கொல்லும் நூற்புழுக்கள் கலந்த கரைசலை மாலையில் ஈரமண்ணில் ஊற்றுங்கள். வெயில் பட்டால் நூற்புழுக்கள் செத்துவிடும்.

நடுவில் வைக்கோல் நிறம், சுற்றிலும் அடர்பச்சை வளையம் என்றால் நாய் சிறுநீர். அந்த இடத்தில் தண்ணீரை நிறைய ஊற்றி உப்பை அடிமண்ணுக்கு இறக்கினாலே பாதி வேலை முடிந்தது.

மரநிழலா? அருகுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கிளையைக் கழிக்க முடியாவிட்டால் நிழல் தாங்கும் பஃபலோவுக்கு மாறுங்கள். நிழலில் அருகை மறுபடி மறுபடி நட்டுப் பயனில்லை.

காய்ந்ததெல்லாம் செத்ததும் அல்ல. தண்டின் அடிக்கணுவை நகத்தால் கீறினால் வெளிறிய ஈரம் தெரிகிறதா? இரண்டு வாரம் ஒழுங்காக நீர் விட்டாலே துளிர்க்கும்.

2. வாரி எடுப்பது

புல்லை வழக்கத்தைவிடச் சற்றுக் குட்டையாக வெட்டி, இரும்பு வாரியால் செத்த புல்லை அழுத்தி வாருங்கள். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே மக்காத தண்டும் வேரும் மெத்தையாகச் சேர்ந்திருக்கும். அது ஒரு செ.மீ.க்குமேல் தடித்தால் தண்ணீர் மேலேயே நின்றுவிடும்.

3. துளை போடுவது

முழு வேலையும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. அவசரம் வேண்டாம். முதலில், கீழே தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு ஈரப்பதம். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். உதிராமல் பிசுபிசுவென்று நசுங்கினால் அன்றைக்கு வேலை வேண்டாம். அந்த ஈரத்தில் துளை போட்டால் துளையின் சுவர் குயவன் வழித்த பானை மாதிரி மழமழவென்று மூடிக்கொள்ளும். வேர் அதைத் துளைக்கத் திணறும். துளை போட்டும் பலனில்லை என்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மண் கல்லாக இருந்தால் முதல்நாள் நன்றாக நீர் விட்டு, ஒரு நாள் ஆறப் போட்டுச் செய்யுங்கள்.

கருவிகளில், மண்ணை உருளையாகப் பிடுங்கி எடுக்கும் உள்கூடான பல் உள்ளதே சிறந்தது. மண் வெளியே வருவதால் உள்ளே உண்மையிலேயே இடம் உண்டாகிறது. ஏழு செ.மீ. ஆழம் போதும். அது இல்லாவிட்டால் நான்கு பல் இரும்பு ஃபோர்க். 10 செ.மீ. ஆழம் இறக்கி, பிடியை உங்கள் பக்கம் லேசாகச் சாய்த்து, தரை சற்றே விம்மியதும் உருவிவிடுங்கள்; மண்ணைப் புரட்ட வேண்டாம். 10 செ.மீ. இடைவெளியில், பின்னோக்கி நகர்ந்தபடி குத்தினால் தளர்த்திய இடத்தை மிதிக்காமல் முடிக்கலாம். ஆணி வைத்த செருப்பை வாங்காதீர்கள். அது மண்ணை வெளியே எடுப்பதில்லை, பக்கவாட்டில் நெருக்கி இன்னும் இறுக்குகிறது.

4. மேல்மண்

உங்கள் தோட்டத்து மண்ணும் நன்றாக மக்கிய உரமும் சரிபாதி. சலித்து, 5 மி.மீ. கனத்துக்குத் தூவி, வாரியின் முதுகால் துளைகளுக்குள் தள்ளுங்கள். 10 சதுர மீட்டருக்கு 50 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் மூன்றேகால் வாளி பிடிக்கும். புல்நுனி வெளியே தெரிய வேண்டும், மூடினால் அழுகும்.

5. சொட்டையை நிரப்புவது

விதையைவிடத் துண்டு நடவு கைகொடுக்கும். சுற்றியுள்ள புல்லோடு நிறம் ஒத்துப்போகும். ஓரத்தில் படர்ந்த தண்டுகளை வெட்டி, மூன்று கணு உள்ளதாக எடுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள், நுனி வெளியே. ஒவ்வொன்றுக்கும் 10 செ.மீ. இடைவெளி. நட்டதும் காலால் மெல்ல அமுக்குங்கள். கணு மண்ணோடு ஒட்டாவிட்டால் வேர் விடாது. வெட்டிய தண்டு வெயிலில் சீக்கிரம் வாடும், ஈரச்சாக்கில் சுற்றி வைத்து மாலையில் நடுங்கள்.

6. தண்ணீர்

முதல் இரண்டு வாரம் மேல்மண் காயாதபடி தினம் இரண்டு மூன்று முறை பூவாளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். துளிர் கண்டபின் முறையை மாற்றுங்கள்: மழை இல்லாவிட்டால் வாரத்துக்கு 25 மி.மீ., ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். அதை இரண்டு தடவையாக, விடியற்காலையில் விடுங்கள். தினமும் கொஞ்சம் நனைத்தால் வேர் மேலேயே படுத்துக்கொள்ளும். ஸ்பிரிங்ளர் இருந்தால், பக்கம் நேரான நாலைந்து டப்பாக்களைப் பரப்பி வைத்துக் கால் மணி நேரம் ஓடவிட்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு டப்பாவில் 8 மி.மீ., இன்னொன்றில் 2 மி.மீ. நின்றால் சொட்டைக்குக் காரணமே அதுவாக இருக்கலாம்.

7. உரமும் வெட்டும்

நட்ட நாலு வாரத்துக்கு யூரியா கூடாது. பிறகு 10 சதுர மீட்டருக்கு 50 கிராம் போதும். 10 லிட்டர் நீரில் கரைத்து ஊற்றி, உடனே வெறும் தண்ணீரால் இலையைக் கழுவுங்கள், இல்லாவிட்டால் கருகும். புதுத் துளிரை இழுத்தால் கையோடு வராதபோதுதான் முதல் வெட்டு. ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்காதீர்கள். அருகை 3 செ.மீ., பஃபலோவை 6 செ.மீ. உயரத்தில் வைத்திருங்கள். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாமல் கிழிக்கும். நுனி வெளுத்துத் தெரிந்தால் சாணை பிடிக்கும் நேரம்.

பின்சேர்க்கை

மேல்மண்ணுக்குப் பதில் வெறும் மணல் தூவலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். களிமண் தரையில் வேண்டாம். மணலில் சரசரவென்று இறங்கும் நீர் களிமண்ணைத் தொட்டதும் தேங்கும், வேரும் அந்த எல்லையோடு நின்றுவிடும்.

சொட்டையில் கோரை முளைத்தால் கையால் பிடுங்க வேண்டாம். மேல்தண்டு மட்டும் அறுந்து, கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி முளைக்கும். ஈரமண்ணில் களைக்கொத்தை ஆழமாகச் செருகிக் கிழங்கோடு நெம்பி எடுங்கள். சங்கிலியாக அடுத்த கிழங்கும் தொடர்ந்து வரும். அறுந்தால் அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். எடுத்த கிழங்கை உரக்குழியில் போடாதீர்கள், அங்கேயும் முளைக்கும்.