அபாயச் சரக்குப் பெட்டிக்கு 30 நிமிடக் காப் டெஸ்ட்: புதிதாக லேபுக்கு வருபவர்களுக்கு

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்துவிட்டால் வாளையாரிலிருந்து கஞ்சிக்கோடு வரை காற்றே ஈரமாகிவிடும். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிற எங்களுக்கு அதைச் சொல்ல மீட்டர் வேண்டாம். ரீலைத் தொட்டாலே பேப்பர் தளர்ந்திருக்கும். பெயிண்ட், தின்னர், பூச்சிமருந்து என்று அபாயச் சரக்கை ஏற்றிக்கொண்டு கொச்சித் துறைமுகம் போகிற பெட்டிகளுக்குக் காப் டெஸ்ட், அதாவது அட்டை எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பார்க்கும் சோதனை, போடும்போது இந்த ஈரம்தான் முதலில் ஏமாற்றும். பொள்ளாச்சி, வேலந்தாவளம் பக்கமிருந்து புதிதாக லேபுக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எதற்காக இந்தச் சோதனை? ஐ.நா. குறியீடு அச்சிட்ட பெட்டியில் 4ஜி என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 4 என்றால் பெட்டி, ஜி என்றால் அட்டை. அந்தக் குறி வாங்க, பெட்டியைக் கீழே போட்டுப் பார்ப்பது, அடுக்கி வைத்துப் பார்ப்பது என்று தனிச் சோதனைகள் உண்டு. இந்தியாவில் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங் அவற்றைச் செய்து சான்று தருகிறது. ஆனால் அட்டைக்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. வெளிப்பக்கத்தை 30 நிமிடம் தண்ணீரில் வைத்தால், அது குடிக்கும் தண்ணீர் சதுர மீட்டருக்கு 155 கிராமைத் தாண்டக் கூடாது. அளக்கும் முறை ஐ.எஸ்.ஓ. 535.

மில் சான்றிதழை நம்பி நின்றுவிடாதீர்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். பேப்பர் ரீலோடு வரும் தாளில் 'காப் 35' என்று இருக்கும். 155-க்கு எவ்வளவோ கீழே என்று மனம் நிம்மதியாகிவிடும். அது பெரும்பாலும் 60 விநாடி, இல்லையென்றால் 120 விநாடி அளவு. 60 விநாடி எண்ணை எதனால் பெருக்கினாலும் 30 நிமிட எண் கிடைக்காது. பேப்பரில் கலந்திருக்கும் சைசிங் (தண்ணீர் ஏறாமல் தடுக்கும் பொருள்) முதல் நிமிடத்தில் தண்ணீரை நன்றாகத் தடுக்கலாம். அதே பேப்பர் பத்தாவது நிமிடத்தில் விட்டுக்கொடுத்துவிடலாம். ஒரே 'காப் 35' போட்ட இரண்டு ரீல், அரை மணி முடிவில் வெவ்வேறு எண் காட்டும். எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை விநாடி என்று எழுதாத தாளை நான் கோப்பில் சேர்ப்பதே இல்லை.

மாதிரி வெட்டுவது

மடிப்புக் கோடு, ஒட்டுப் பகுதி, அச்சு விழுந்த இடம் எல்லாவற்றையும் தவிர்த்து, சோதனைக் கருவியின் வளையத்தைவிட எல்லாப் பக்கமும் சற்றுப் பெரிதாக வெட்டுங்கள். நான் 14 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டுவேன். குறைந்தது ஐந்து துண்டு. வெட்டியதுமே வெளிப்பக்கம் எது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள். ஐந்தும் சேர்ந்து கிடக்கும்போது தெரியாமல் போய்விடும்.

ஒரு நாள் அறையில் வைப்பது

துண்டுகளை 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். 27 டிகிரி, 65 சதவீதமும் ஏற்றுக்கொள்ளப்பட்டதுதான். நம் ஊர் வெப்பத்துக்கு இரண்டாவதைப் பிடித்து நிறுத்துவது எளிது.

இப்படி வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நானே பட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த வருடம், ஆனி மாத மழையில் லோடு அவசரம். குடோனிலிருந்து ஈர அட்டையை நேரே ஏசி அறைக்குக் கொண்டுவந்து சோதித்தேன். எல்லாம் பாஸ். மறுநாள் முறைப்படி வைத்துச் சோதித்தால், அதே அட்டை ஃபெயில். காரணம் பிறகுதான் புரிந்தது. மேலே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே, வளையத்துக்கு வெளியே இருக்கும் ஓரமும் வெட்டு முனைகளும் தம் ஈரத்தை அறைக் காற்றுக்கு விட்டுக்கொண்டிருக்கும். 15 கிராம் எடையுள்ள துண்டு அப்படி 1 சதவீதம் இழந்தால் 0.15 கிராம். நனையும் பரப்பு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்குதான் என்பதால், கணக்கில் அது சதுர மீட்டருக்கு 15 கிராம். 165 வர வேண்டிய இடத்தில் 150 என்று வந்து நிற்கும். அந்த லோடு போகவில்லை என்பது இன்றும் எனக்கு ஆறுதல். உள்ளே இருந்தது எரியும் திரவம்.

தண்ணீர் ஊற்றுவது

முதலில் காய்ந்த துண்டை எடை போட்டு எழுதுங்கள். மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும். பிறகு கருவியின் ரப்பர் விரிப்பில் வெளிப்பக்கம் மேலே இருக்க வைத்து, உலோக வளையத்தை இறுக்குங்கள். வளையத்தின் உட்பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். ஒரு பக்கத்துத் திருகை மட்டும் முறுக்கிவிடாமல், எதிரெதிரே மாற்றி மாற்றி இறுக்குங்கள். உள்ளே புளூட் (அலைபோல வளைந்த நடுப் பேப்பர்) இருப்பதால் அட்டையின் மேற்பரப்பு லேசாக அலைபோல இருக்கும். அந்தப் பள்ளம் வழியாகத்தான் தண்ணீர் கசியும். கசிந்தால் அந்தத் துண்டு கணக்கில் சேராது, வேறு எடுங்கள்.

100 மில்லி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினால் 10 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். தண்ணீரும் அறை வெப்பத்திலேயே இருக்க வேண்டும். ஊற்றிய நொடியே ஸ்டாப்வாட்ச். எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் "வெள்ளம் ஒழிச்சோ?" என்று கேட்டால் பயப்படாதீர்கள். மலையாளத்தில் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று கேட்கிறார், அவ்வளவுதான். ஒருமுறை ஊற்றிய தண்ணீரை அடுத்த துண்டுக்கு எடுக்காதீர்கள்.

ஒற்றி எடுப்பது

30 நிமிடம் ஆனதும், வளையத்துக்கு வெளியே இருக்கும் காய்ந்த ஓரத்தில் ஒரு சொட்டும் படாமல் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துண்டை எடுங்கள். தயாராக விரித்து வைத்த பிளாட்டிங் பேப்பர் (ஈரத்தை உறிஞ்சும் ஒற்றுத்தாள்) மேல், நனைந்த பக்கம் மேலாக வையுங்கள். கொட்டியதிலிருந்து 15-ஆவது விநாடியில் மேலே இன்னொரு பிளாட்டிங் பேப்பரைப் போட்டு, 10 கிலோ ரோலரைப் போக ஒன்று, வர ஒன்று உருட்டுங்கள். கையால் அழுத்தக் கூடாது. ரோலரின் எடை மட்டும் போதும். ஆளுக்கு ஆள் அளவு மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் புதியவர் யார் வந்தாலும் இருபது முப்பது வீண் துண்டுகளில் ரோலரை மட்டும் பழகச் சொல்வேன். உருட்டியதும் உடனே எடை.

கணக்கு

நனைந்த எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்து 100-ஆல் பெருக்குங்கள். காய்ந்தபோது 14.725, நனைந்தபின் 16.034 என்றால் வித்தியாசம் 1.309 கிராம். விடை சதுர மீட்டருக்கு 130.9 கிராம். ஐந்துக்கும் சராசரி எடுங்கள். சராசரியோடு ஐந்து எண்ணையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். நாலு துண்டு 130-லும் ஒன்று 170-லும் இருந்தால் சராசரி 138 வந்துவிடும். ஆனால் அந்த ரீலில் எங்கோ சைசிங் சரியாக ஏறவில்லை என்று அர்த்தம்.

சராசரி 150-ஐத் தொட்டால் விதிப்படி பாஸ்தான். நான் அதை அப்படியே விடமாட்டேன். அதே ரீலிலிருந்து இன்னும் ஐந்து துண்டு வெட்டி மறுபடி பார்ப்பேன். இன்னொரு வழக்கமும் எங்களுக்கு உண்டு. மேல் லைனராக, அதாவது அட்டையின் வெளிப்பக்கத் தாளாகப் போகிற பேப்பரை, ஒட்டுவதற்கு முன்பே ரீலிலிருந்து வெட்டி ஒருமுறை 30 நிமிடம் சோதித்துவிடுவோம். அங்கேயே தவறினால் ஒரு ரீலோடு நஷ்டம் நிற்கும். பெட்டியாகிய பிறகு தெரிந்தால் பசை, அச்சு, ஆள்கூலி எல்லாம் போய்விடும்.

சோதித்த துண்டுகளைக் காயவைத்து, ரீல் எண்ணும் தேதியும் எழுதி உறையில் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து வாங்குபவர் ஒரு பெட்டியைக் குறித்துக் கேட்டால், அந்த உறையைத்தான் முதலில் தேடுவோம்.